கன்னத்தில் வழிந்த அளவு

காலை எட்டு மணி பத்து நிமிடம். முதலில் கண்ணில் பட்டது ஒரு பாட்டில்.

டி.வி.எஸ். 50 வண்டியின் கைப்பிடியில் ஒயர் கூடை தொங்கியது. அதற்குள் குளிர்பானம் வந்த ஒரு லிட்டர் பாட்டில். பாதிக்கு மேல் தண்ணீர், அரிசி களைந்த நீரைப்போல லேசான கலங்கல். வண்டி முழுதாக நிற்பதற்குள் பின்னாலிருந்து ஒரு பெண் இறங்கி ஓடிவந்தாள். கெண்டைக்கால் வரை உப்பு காய்ந்து வெளுத்திருந்தது. புடவைக்கு மேல் ஆண்கள் சட்டை. தோளில் குழந்தை.

குழந்தை அழுதுகொண்டிருந்தது. தகரத்தின் மேல் ஆணியால் கோடு இழுத்தால் வருமே, அப்படியொரு சத்தம். அழுகை நின்ற இடைவெளிகளில் அது அம்மாவின் சட்டைக் காலரைக் கவ்விச் சப்பியது.

நான் ஜன்னல்களைத் திறந்துகொண்டிருந்தேன். ஒன்பது மணிக்குத்தான் நோயாளிகள் வருவார்கள்.

"டாக்டரம்மா வந்துட்டாங்களா சார்?" என்று கேட்டான் வண்டி ஓட்டிவந்த ஏழுமலை. அவனும் உப்பளத்திலிருந்து அப்படியே வந்திருந்தான்.

"உள்ளதான் இருக்காங்க. போ, போ."

அவன் மனைவி புஷ்பா அதற்குள் உள்ளே போயிருந்தாள். குழந்தையின் பெயர் காவியா. பதினோரு மாதம். மூன்று நாளாக வயிற்றுப்போக்கு. இவ்வளவையும் பதிவேட்டில் எழுதினேன். பாட்டிலைப் பற்றி எழுதவில்லை. அதை ஏழுமலை கூடையோடு கொண்டுவந்து பெஞ்சுக்கு அடியில் வைத்தான்.

அந்தப் பாட்டிலில் இருந்தது எப்படி அங்கே வந்தது என்று சொல்ல வேண்டுமானால், கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

தர்ம ஆஸ்பத்திரி

மரக்காணத்துக்குத் தெற்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையிலிருந்து உப்பளங்களுக்குப் பிரியும் மண்பாதையின் முனையில் இருந்தது அந்தக் கட்டடம். இரண்டு அறை, ஒரு தாழ்வாரம், ஒரு கைப்பம்பு. சின்ன அறக்கட்டளை ஒன்று நடத்திவந்தது. பலகையில் நீளமாக ஏதோ பெயர் எழுதியிருக்கும். ஊரில் யாரும் அந்தப் பெயரைச் சொல்லி நான் கேட்டதில்லை. தர்ம ஆஸ்பத்திரி என்பார்கள், அவ்வளவுதான்.

சுனாமியில் கடல் உள்ளே வந்துபோனதைப் பற்றி எழுத இரண்டு நாள் பயணமாகத்தான் நான் அந்தப் பக்கம் போனேன். அப்போது ஒரு நாளிதழில் வேலையை விட்டிருந்தேன். இன்னொன்றில் சேரவில்லை. டாக்டர் வசந்தா என்னிடம் ஒரு நோட்டுப் புத்தகத்தைக் காட்டி, "இது என் கையெழுத்து. எனக்கே படிக்கத் தெரியலை. நீங்க எழுதிக் குடுப்பீங்களா?" என்று கேட்டார். ஒன்றேகால் வருடம் எழுதிக் கொடுத்தேன். ஊரில் எனக்குப் பேப்பர் சார் என்று பெயர்.

டாக்டர் வசந்தாவுக்கு அப்போது ஐம்பத்தைந்து இருக்கலாம். அரசு வேலையிலிருந்து விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வந்தவர். கோபம் வந்தால் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பால் துடைப்பார். நாளைக்கு நாலு தடவையாவது துடைப்பார்.

மூன்றாவது ஆள் ஸ்டெல்லா. சுகாதாரப் பணியாளர். உப்பளக் குடும்பத்துப் பெண். அவரும் பன்னிரண்டு வருடம் பாத்தியில் நின்றவர்தான். வீடு வீடாகப் போய்ப் பேசும் வேலை அவருடையது. அவருக்குத் தெரியாத அடுப்பு அந்தப் பக்கத்தில் கிடையாது. எங்களிடம் வந்த பிறகும், அங்கே வேலைக்கு ஆள் குறைந்தால் வாரத்தில் இரண்டு நாள் விடியற்காலையில் அளத்துக்குப் போய்விட்டுத்தான் வருவார்.

பின்னறை

வைத்தியம் இலவசம். ஆனாலும் வெறுங்கையோடு யாரும் போகமாட்டார்கள். குணமான பிறகு திரும்ப வந்து ஒரு பை வைத்துவிட்டுப் போவார்கள். பையில் உப்பு.

பின்னறையில் மருந்து அலமாரிக்குக் கீழே உப்பு மூட்டை மூட்டையாகச் சேர்ந்தது. ஈரக்காற்றில் கசிந்து தரையை அரித்தது. தராசு துருப்பிடித்தது. "மூணு பேர் சாப்பிடற உப்பா இது? மூணு தலைமுறைக்கு ஆகும்" என்பார் டாக்டர். ஆனால் யார் கொடுத்தாலும் இரண்டு கையாலும்தான் வாங்கிக்கொள்வார்.

இவ்வளவுக்கும் அவர் தினமும் சொல்லும் அறிவுரை உப்பைக் குறைக்கச் சொல்வதுதான். ஒருநாள் ரத்த அழுத்தம் பார்த்துவிட்டு, வரப்பு கட்டும் வேலை செய்யும் ஒரு பெரியவரிடம் அதையே சொன்னார்.

"எம்மா, அத்த எங்க மொதலாளிகிட்ட சொல்லும்மா" என்றார் அவர். "அவுரு இன்னும் பத்து பாத்தி கூடப் போடுன்றாரு."

தாழ்வாரம் முழுக்கச் சிரித்தது. டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஆனால் அவரும் சிரித்துக்கொண்டுதான் துடைத்தார்.

மறுவாரம் அந்தப் பெரியவர் ஒரு பை கொண்டுவந்து வைத்தார். நல்ல வெள்ளை உப்பு.

நான் எழுதிய வாக்கியம்

கத்திரி வெயிலில் வயிற்றுப்போக்கு அதிகமாகும். அளத்துக்குக் குடிதண்ணீர் குடத்தில்தான் போகும். அந்தக் குடம் நாலு மணி நேரம் வெயிலில் நிற்கும். சர்க்கரை உப்புக் கரைசல் பொட்டலங்கள் எங்களிடம் சீக்கிரம் தீர்ந்துவிடும். வீட்டிலேயே கலக்கக் கற்றுக்கொடுக்கலாம் என்று டாக்டர் முடிவு செய்தார். துண்டறிக்கை எழுதும் பொறுப்பு எனக்கு வந்தது.

டாக்டர் கொடுத்த குறிப்பில் தேக்கரண்டி அளவு இருந்தது. அந்த வீடுகளில் தேக்கரண்டி என்று ஒன்று இல்லை. ஒரே கரண்டி இருக்கும், அது குழம்புக் கரண்டி. ஆகவே கரண்டியை எடுத்துவிட்டேன். மூன்று விரலில் எடுத்த உப்பு, ஒரு பிடி சர்க்கரை, ருசி பார்க்க ஒரு வாக்கியம். கண்ணீர் அளவுக்குக் கரித்தால் சரி.

நான்கு சொல். எழுத்துக் கூட்டிப் படிப்பவருக்கும் புரியும். கண்ணீர் இல்லாத வீடு கிடையாது, அளவுகோல் எல்லோரிடமும் இருக்கிறது என்று டாக்டரிடம் சொன்னேன். அவர் இரண்டு தடவை படித்துவிட்டு, "நல்லாருக்கு, அடிக்கக் குடுங்க" என்றார். செய்தி அறையில் இருந்த அத்தனை வருடத்தில் நான் எழுதிய எந்த வாக்கியத்தையும் ஸ்டெல்லா அளவுக்கு யாரும் மனப்பாடமாகச் சொன்னதில்லை. கூட்டத்துக்குக் கூட்டம் சொன்னார்.

அந்தக் கூட்டங்களில் ஒன்றில் முன்வரிசையில் உட்கார்ந்து கேட்டவள் புஷ்பா.

ஒரு மூடி

மேஜையில் குழந்தையைக் கிடத்தியிருந்தார்கள். டாக்டர் அதன் வயிற்றுத் தோலை இரண்டு விரலால் பிடித்து விட்டார். நீர் வற்றிய குழந்தைக்கு அந்த மடிப்பு அப்படியே நிற்கும். இங்கே நிற்கவில்லை. தோல் பிசைந்த மாவைப்போல மெத்தென்று இருந்தது. மறுபடியும் பிடித்துப் பார்த்தார். ஒரு கரண்டி தண்ணீர் கொடுத்தார். குழந்தை கரண்டியையே கடித்தது.

"இது வெறும் பேதி இல்லையே" என்றார் டாக்டர், யாரிடமும் இல்லாமல். பிறகு புஷ்பாவிடம், "என்ன குடுத்தே?"

"நீங்க சொன்ன தண்ணிதாம்மா. ரெண்டு நாளா விடாம குடுக்கறேன். வேற ஒண்ணும் குடுக்கல."

"எங்க கலந்தே? வீட்டுலயா?"

"அளத்துல. கொட்டாயில தூளி கட்டிப் போட்டுட்டு, வேலைக்கு நடுவுல வந்து வந்து குடுத்தேன்."

"நல்லா கேட்டுக்கிட்ட பொண்ணு டாக்டர்" என்றார் ஸ்டெல்லா. "மீட்டிங்ல திருப்பிச் சொல்லச் சொன்னேன். ஒரு வார்த்தை பிசகாம சொல்லுச்சு."

டாக்டர் பாட்டிலை எடுத்துவரச் சொன்னார். மூடியில் ஊற்றி வாயில் விட்டார். உடனே ஜன்னலுக்குப் போய்த் துப்பினார்.

இன்னொரு மூடி ஊற்றி ஸ்டெல்லாவிடம் நீட்டினார். அன்று ஸ்டெல்லாவும் விடியற்காலையில் அளத்துக்குப் போய்விட்டு வந்திருந்தார். குடித்துவிட்டு, உதட்டை நக்கிப் பார்த்து, "சரியாத்தானே இருக்குது? இன்னும் கொஞ்சம் சப்புன்னுகூட இருக்குது" என்றார்.

மூன்றாவது மூடி எனக்கு. கடலில் குளிக்கும்போது அலை அடித்து வாய்க்குள் போகுமே, அதுதான்.

"எவ்வளவு உப்பு போட்டே?" என்றார் டாக்டர். குரல் தணிந்திருந்தது.

"அளவா போட்டேம்மா. கண்ணீர் அளவு." புஷ்பாவுக்கு இப்போது பயம் வந்திருந்தது. "ஊதற காத்துல கண்ண முழிச்சுக்கினு நின்னா தண்ணி வரும். வரவச்சேன். கன்னத்துல வழிஞ்சத விரல்ல தொட்டு நாக்குல வச்சுப் பாத்தேன். பாட்டில்ல இருக்கறதயும் பாத்தேன். ரெண்டும் ஒண்ணா ஆவற வரைக்கும் போட்டேன். ஒவ்வொரு தடவையும் அப்படித்தாம்மா பாத்தேன்."

டாக்டர் அவள் முகத்தைப் பார்த்தார். நானும் பார்த்தேன். கன்ன எலும்பிலும் மூக்கின் ஓரத்திலும் பொடிப்பொடியாக வெள்ளை. நெற்றியில் புருவம் வரை ஒரு படலம். விடியலிலிருந்து அளக்காற்றில் நின்ற முகம் எல்லாமே அப்படித்தான் இருக்கும். அந்த உப்பின் மேல்தான் கண்ணீர் வழிந்திருக்கிறது.

அவ்வளவு சரியாக ஒரு கட்டளையை நிறைவேற்றியவர் யாரையும் அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

"வண்டிய எடுக்கச் சொல்லுங்க" என்றார் டாக்டர் என்னிடம். "பாண்டிக்குப் போகணும்."

இரண்டு நிமிடத்துக்கு ஒரு கரண்டி

சாலையில் நின்ற வாடகை ஜீப்பின் டிரைவரை அழைத்துவந்தேன். ஏறும் முன் டாக்டர் புஷ்பாவைக் கைப்பம்புக்கு இழுத்துப் போனார். "மூஞ்சியக் கழுவு. மாரையும் நல்லா தொடச்சுட்டுப் பால் குடு. மெதுவா, கொஞ்ச நேரம்தான்."

ரத்தத்தில் உப்பு ஏறியிருக்கும், அதை உடனே இறக்கக் கூடாது, அவசரப்பட்டுத் தண்ணீர் கொடுத்தால் மூளை வீங்கும் என்று போகும் வழியில் என்னிடம் சொன்னார். குழந்தையோ தண்ணீர் கேட்டது. கேட்டது என்றால், பாத்திரம் எந்தப் பக்கம் நகர்ந்தாலும் அந்தப் பக்கம் தலையைத் திருப்பியது. இரண்டு நிமிடத்துக்கு ஒரு கரண்டி. மணி பார்ப்பது என் வேலை.

"கேக்குதே டாக்டரம்மா, பாருங்களேன், நாக்க நீட்டுது. ஒரே ஒரு கரண்டி கூடக் குடுங்க."

"இப்ப இல்ல."

"பாவம்மா, தண்ணிதான கேக்குது."

"தெரியுதும்மா. கொஞ்சம் பொறு."

"இன்னும் எவ்ளோ நேரம் சார்?"

"ஒரு நிமிஷம் பத்து செகண்ட்" என்றேன்.

கீழ்புத்துப்பட்டு தாண்டும்போது குழந்தைக்கு வலிப்பு வந்தது. இடது கையில் தொடங்கி உடம்பெல்லாம் பரவியது. டாக்டர் அதை ஒருக்களித்துப் பிடித்துக்கொண்டார். புஷ்பா கத்தவில்லை. "அய்யனாரப்பா, அய்யனாரப்பா" என்று வாய்க்குள்ளேயே சொல்லிக்கொண்டிருந்தாள். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். பார்க்கச் சொல்லியிருந்தது அதைத்தான். ஐம்பது விநாடி. ஜீப்புக்குப் பின்னால் ஏழுமலை டி.வி.எஸ்.ஸை விரட்டிக்கொண்டு வந்தது கண்ணாடியில் தெரிந்தது. சட்டைப் பொத்தான் இல்லாமல், சட்டை பின்னால் பறக்க.

பெரிய ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, டாக்டர் சந்தேகப்பட்டது சரிதான் என்றார்கள். இரண்டு நாள் அந்த உப்பைச் சொட்டுச் சொட்டாக இறக்கினார்கள். ஐந்தாம் நாள் வீட்டுக்கு அனுப்பும்போது அங்கிருந்த இளம் டாக்டர் புஷ்பாவிடம், "பொழைச்சிடுச்சு. ஆனா வலிப்பு வந்த குழந்தை. உட்காருதா, நிக்குதா, நடக்குதான்னு பாத்துக்கிட்டே இருங்க. இப்பவே ஒண்ணும் சொல்ல முடியாது" என்றார்.

நோய் வருவதற்கு முன் காவியா தண்ணீர்க் குடத்தைப் பிடித்துக்கொண்டு நின்றவள். திரும்பி வந்தபோது உட்காரவைத்தால் பக்கவாட்டில் சாய்ந்தாள்.

அந்தோணியின் நாக்கு

பாண்டிக்குப் போய்வந்த மறுநாள் காலை ஸ்டெல்லா பையை மேஜைமேல் வைத்தார். உள்ளே அவருடைய அடையாள அட்டை, குடை, மிச்சமிருந்த துண்டறிக்கைக் கட்டு.

"நான் இனிமே வரல டாக்டர். என் வாயாலதான் சொன்னேன். என் நாக்கும் அப்படித்தான் இருக்குதுன்னு எனக்கே நேத்துதான் தெரிஞ்சுது."

டாக்டர் கண்ணாடியைத் துடைத்தார். நேரமெடுத்துத் துடைத்தார்.

"எனக்கும் நேத்துதான் தெரிஞ்சுது. ரெண்டு வருஷமா உங்க எல்லாரையும் நாக்க நீட்டச் சொல்லிப் பாத்துக்கிட்டிருக்கேன், ஒரு நாள் தோணலை. நீ போயிட்டா வீடு வீடா யாரு போறது? இவரா? இவர் எழுதின லட்சணத்தைத்தான் பாத்தோமே."

ஸ்டெல்லா என்னைப் பார்த்தார். துண்டறிக்கைக் கட்டை நான் எடுத்துக்கொண்டேன். மூன்று நாள் நடந்து, கொடுத்த வீடுகளிலெல்லாம் திரும்ப வாங்கினோம். சில வீடுகளில் அதைச் சுவரில் சாமி படத்துக்குப் பக்கத்தில் ஒட்டியிருந்தார்கள். சுரண்டித்தான் எடுக்க வேண்டியிருந்தது.

புது ஏற்பாடாக, தீர்ந்துபோன இருமல் மருந்து பாட்டில்களின் மூடியைக் கொடுத்தோம். அரைத் தேக்கரண்டி எவ்வளவோ அந்த இடத்தில் ஸ்டெல்லா சிவப்பு நகச்சாயத்தால் கோடு போட்டார். ஆனால் மூடி தொலையும். குழந்தைகள் விளையாட எடுத்துப் போய்விடும். அப்போது என்ன செய்வது என்று அடுத்த கூட்டத்தில் கேட்டபோது, பின்வரிசையில் காவியாவை மடியில் வைத்திருந்த புஷ்பா எழுந்தாள். கூட்டத்தில் அவள் தானாகப் பேசியது அதுதான் முதல் முறை.

"நம்ம நாக்க நம்பாதீங்கடி. அளத்துக்குப் போவாத நாக்கா பாத்துக் குடுங்க."

"அளத்துக்குப் போவாத நாக்கு இந்த ஊர்ல எங்கடி இருக்குது?" என்று ஒருத்தி கேட்டாள்.

எல்லோரும் யோசித்தார்கள். கடைசியில், டாக்டரையும் என்னையும் விட்டால், ஒரே ஒரு பெயர்தான் வந்தது. சாலையோரம் பஞ்சர் கடை வைத்திருந்த அந்தோணி. திண்டிவனம் பக்கத்திலிருந்து வந்து இந்த ஊரில் பெண் எடுத்தவர், வெயிலும் அளமும் ஆகாது.

அந்தக் கோடை முழுக்க அந்தோணியின் கடையில் டியூப் ஒட்டக் காத்திருப்பவர்களோடு பெண்களும் டம்ளரோடு நின்றார்கள். அவர் தன் சொந்த ஸ்பூனில் ஒரு சொட்டு ஊற்றிக்கொள்வார். கண்ணை மூடுவார். "உப்பு கூட. இன்னும் ரெண்டு டம்ளர் தண்ணி சேரு" என்பார். அல்லது, "ஓகே, எடுத்துக்கினு போ."

"காலையிலேர்ந்து ஏழு வீட்டு பேதித் தண்ணி குடிச்சாச்சு சார்" என்றார் ஒருநாள் என்னிடம். "எனக்கு இன்னா பண்ணும்?"

"ஒண்ணும் பண்ணாது. உடம்புக்கு நல்லது."

"அதான பாத்தேன். ரெண்டு நாளா நல்லா தெம்பா இருக்குது."

புதன்கிழமைகள்

புதன்கிழமை குழந்தைகளுக்கு எடை பார்க்கும் நாள். புஷ்பா ஒரு வாரமும் தவறவில்லை. அளத்திலிருந்து நேராக வருவாள். டாக்டர் காவியாவின் கண் முன்னால் டார்ச் விளக்கை ஆட்டுவார். பின்னாலிருந்து கிலுகிலுப்பையை ஆட்டுவார். கையைப் பிடித்துத் தூக்கி நிறுத்துவார். பதிவேட்டில் நான் எழுதுவேன். உட்காரவில்லை. சாய்ந்து உட்கார்ந்தாள். தானாக உட்கார்ந்தாள். இந்த மூன்றுக்கும் இடையில் ஏழு வாரம்.

"ஓரகத்தி புள்ள ஓடுது" என்றாள் புஷ்பா ஒரு புதன்கிழமை. "ரெண்டும் ஒரே மாசத்துல பொறந்ததுங்க. 'உன் பொண்ணுக்கு உப்பு போட்டு ஊறுகா ஆக்கிட்டியே'ன்னு கேக்குது எங்க மாமியாரு."

"நீ என்ன சொன்னே?" என்றார் ஸ்டெல்லா.

"ஊறுகா கெட்டுப் போவாது அத்தேன்னு சொன்னேன்."

ஸ்டெல்லாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. புஷ்பா சிரிக்கவில்லை. குழந்தையின் பாதங்களை உள்ளங்கையில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள். தினமும் அப்படிச் செய்யும்படி டாக்டர் சொல்லியிருந்தார்.

ஆவணி முடியப்போகிற சமயம். மழைக்கு முன் கிடைக்கிற கடைசி உப்பை வாரிக்கொண்டிருந்தார்கள். ஒரு புதன்கிழமை தராசுக்கு வரிசை நின்றபோது புஷ்பா காவியாவைத் தாழ்வாரத்துத் தூணைப் பிடித்து நிற்கவைத்துவிட்டு, எடை அட்டையை எடுக்கக் குனிந்தாள். தூணிலிருந்து கையை எடுத்துவிட்டு காவியா மருந்து மேஜையைப் பார்த்து நடந்தாள்.

யாரும் கூப்பிடவில்லை. யாரும் அசையவும் இல்லை. ஸ்டெல்லா மட்டும் எண்ணிக்கொண்டிருந்தார், சத்தமில்லாமல், உதடு அசைய. ஆறாவது அடியில் குழந்தை தடுமாறி, நின்று, இரண்டு கையையும் விரித்து, மறுபடி நடந்து மேஜைக் காலைப் பிடித்தது.

"ஒன்பது" என்றார் ஸ்டெல்லா.

டாக்டர் உள்ளே போய்விட்டார். ஏதோ எடுக்கப் போனவரைப்போலப் போனார், எதையும் எடுக்காமல் திரும்பி வந்தார். புஷ்பா அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற இடத்திலேயே நின்றாள். "மறுபடியும் நடக்கச் சொல்லு, மறுபடியும்" என்றார்கள் வரிசையில் நின்ற பெண்கள். காவியா உட்கார்ந்துவிட்டாள்.

பதிவேட்டில் நேரத்தையும் எழுதினேன். பத்து மணி ஐந்து நிமிடம்.

பத்தரை மணிக்குப் புஷ்பா குழந்தையைத் தூக்கிக்கொண்டு அளத்துக்குத் திரும்பிப் போனாள்.